கல்யாணத்துக்கு மேக்கப்பை நாமே போட்டுக்கொள்ளலாமா, ஆள் வைக்கலாமா?

கேள்வி கேட்ட பெண் சொன்னது இவ்வளவுதான். வைகாசியில் கல்யாணம், கும்பகோணத்தில் மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் முகூர்த்தம். பார்லரில் இரண்டு வேளைக்கும் சேர்த்து 22,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆபீஸுக்கும் சொந்தக்காரர் விசேஷங்களுக்கும் தானே மேக்கப் போட்டுப் பழக்கம் உண்டு. மாநிறம், எண்ணெய் வழியும் முகம். "நீயே போட்டுக்கயேன், அந்தக் காசுக்கு ஒரு பட்டுப்புடவை வரும்" என்கிறார் அம்மா. ஆள் வைப்பதா, தானே போட்டுக்கொள்வதா?

என் பதில்: ரிசப்ஷனுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், முகூர்த்தத்துக்கு ஆள் வையுங்கள். நம் பக்கத்தில் பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ரிசப்ஷனுக்குத்தான் போட்டோ, லைட்டு, கூட்டம் எல்லாம். அதனால் காசை அங்கே கொட்டிவிட்டு, "முகூர்த்தத்துக்கு சிம்பிளாப் போதும், அத்தை பொண்ணு போட்டுவிடுவா" என்று விட்டுவிடுகிறார்கள். கும்பகோணம், மாயவரம் பக்கத்து மண்டபங்களில் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவள் நான். ரிசப்ஷனுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று நானே சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள்.

கல்யாண மேக்கப் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வேலை இருக்கிறது. முகம், தலை, புடவை. முகத்தை உங்கள் கையாலேயே உங்களால் செய்துகொள்ள முடியும். பின்னந்தலையில் ராக்கொடி வைத்து, சவுரி சேர்த்துப் பின்னி, ஜடைபில்லை தைத்து, மூன்று முழம் மல்லியைச் சுற்றுவதை எந்தப் பெண்ணாலும் தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது. கல்யாணப் பட்டும் அப்படித்தான். தினமும் புடவை கட்டுகிறவர்களே, கனத்த ஜரிகைக்கு முந்தி மடிப்பு எடுக்க இன்னொரு கை கேட்பார்கள். ஆகவே "மேக்கப் வேண்டுமா வேண்டாமா" என்று யோசிக்காமல், இந்த மூன்றில் எதற்கு ஆள் வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும் என்று யோசித்தால் கணக்குச் சுலபமாகிவிடும்.

முகூர்த்தக் காலையை எடுத்துக்கொள்வோம். 6 மணி முகூர்த்தம் என்றால் பெண் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். முதல் நாள் ரிசப்ஷன் முடிந்து, சாப்பிட்டு, தலையில் குத்திய ஹேர்பின்னை எல்லாம் பிடுங்கிப் படுக்கும்போதே பன்னிரண்டு ஆகியிருக்கும். பல வீடுகளில் தாலி ஏறும்வரை பெண்ணுக்குப் பால், பழம் தவிர ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். தூக்கமில்லாத கண், வெறும் வயிறு, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். இந்த நிலையில் கண்ணாடி முன் நின்று இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவாக ஐ லைனர் இழுப்பது, ஆபீஸுக்குக் கிளம்பும்போது இழுப்பது போல இருக்காது. கை நடுங்கும். நடுங்கினால் துடைத்துவிட்டு மறுபடி போட நேரமும் இருக்காது.

அதற்கும் மேலே கூறை மாற்றும் சங்கதி. மணவறையில் சடங்கு தொடங்கிய பிறகு கூறைப்புடவையைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து, பெண் கையில் கொடுப்பார்கள். அதை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் தாலி. இடையில் இருபது நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த இருபது நிமிஷத்தில் மாலையைக் கழற்ற வேண்டும், ஒட்டியாணத்தை அவிழ்க்க வேண்டும், தோளில் குத்திய பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டியிருக்கும் புடவையை உருவ வேண்டும். பிறகு மொடமொடவென்று நிற்கிற புதுப் பட்டைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தி மடித்து, ஒட்டியாணத்தை மறுபடி பூட்டி, நகர்ந்துபோன நெற்றிச்சுட்டியை வகிட்டுக்குக் கொண்டுவந்து, மூக்கோரத்து வேர்வையை ஒற்றி எடுத்து அனுப்ப வேண்டும். கதவுக்கு வெளியே, "பொண்ணு ரெடியா? நல்ல நேரம் போவுது!" என்று யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே ஏழு பேர் யோசனை சொல்வார்கள், ஒருத்தர் கையிலும் பின் இருக்காது.

உங்களுக்கு ஆள் தேவைப்படுவது இந்த இருபது நிமிஷத்துக்குத்தான். முகத்துக்கு அப்போது செய்ய ஒன்றுமே இல்லை. டிஷ்யூவால் இரண்டு ஒற்று, உதட்டுக்கு ஒரு தீற்றல், முடிந்தது. ஆனால் நிதானமான, பழகிய இரண்டு கைகள் வேண்டும். கஷ்டம் என்னவென்றால், பார்லர்க்காரர்கள் பலர் நாலரைக்கு மேக்கப்பை முடித்து, ஐந்து மணிக்கு அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வளர்பிறை முகூர்த்த நாளில் ஒரே காலையில் இரண்டு மூன்று பெண்களை ஒத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரேட் இல்லை, "கூறை மாத்துற வரைக்கும் இருப்பீங்களா?" என்பதுதான். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், எவ்வளவு பெரிய பார்லராக இருந்தாலும் சரி.

இந்த இடத்தில் சில சின்ன உபாயங்கள். மணவறைக்கு முதலில் கட்டி வரும் புடவையைக் கூறையின் ஜாக்கெட்டுக்கே பொருந்தும் நிறத்தில் எடுத்துவிட்டால், ஜாக்கெட் மாற்றும் நேரம் மிச்சம். திருபுவனம் பட்டென்றால் விசிறி மடிப்பில் வரும். அந்த மடிப்பு வரிகள் கொசுவத்தில் குறுக்கே நிற்கும். கூறையை முன்கூட்டிப் பிரிக்க உங்கள் வீட்டில் சம்மதித்தால், இரண்டு நாள் முன்பே கொசுவமும் முந்தியும் எடுத்து இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிடுங்கள். பாதி வேலை அப்போதே முடிந்தது. சம்மதிக்காத வீடுகளும் உண்டு, அங்கே வாதாடிப் பயனில்லை. மடிசார் கட்டுகிற குடும்பமாக இருந்தால் நாத்தனாரோ ஒரு மாமியோ கட்டிவிடுவது வழக்கம். இருந்தாலும் ஒன்பது கஜம் கட்டத் தெரிந்த ஆளா என்று பார்லரில் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. தெரிந்தவர்கள் குறைவு.

முகூர்த்தத்துக்கு முகம் எவ்வளவு வேண்டும்? கொஞ்சம் போதும். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, மாட்டல், மூக்குத்தி, கழுத்து நிறைய மாலை, தலை நிறையப் பூ. இத்தனைக்கும் நடுவில் தெரிகிற முகம் உள்ளங்கை அளவு. அதில் கனமாகப் பூசினால் ஹோமச் சூட்டில் முதலில் உருகுவது அதுதான். நெய்யும் சமித்தும் எரிகிற புகையில் கண் கலங்காமல் இருக்காது. ஆகவே கீழ் இமைக்குள் மை இழுப்பதை அன்றைக்கு விட்டுவிடுங்கள். மேல் இமைக்கு வாட்டர்ப்ரூஃப் லைனர், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா போதும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மேக்கப்புக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு அல்ல. கண் வழிந்தால் துடைக்கக் கூடாது. டிஷ்யூவின் முனையை மடித்து, இமையோரத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். இதை அம்மாவுக்கும் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் தாலி ஏறியதும் முந்தானையால் உங்கள் முகத்தைத் துடைக்க வருகிற முதல் ஆள் அவர்தான்.

எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒரு வார்த்தை. விடிகாலையில் நாலு சுமங்கலிகள் தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு முழுக்காட்டிவிட்டால், மூன்று மணிக்கு ஈரத்தலையோடு நிற்பீர்கள். அந்த முடியில் ஜடை நிற்காது, நெற்றியோரம் கசிகிற எண்ணெயில் ஃபவுண்டேஷனும் நிற்காது. சாஸ்திரத்துக்கு ஆளுக்கொரு சொட்டு உச்சியில் வைக்கச் சொல்லி, உடம்புக்கு மட்டும் குளித்துக்கொள்ளுங்கள். முழு எண்ணெய்க் குளியலை இரண்டு நாள் முன்பே முடித்துவிடலாம். நலங்கு மஞ்சளும் இதே போல்தான். சமையல் மஞ்சள் கறை பிடிக்கும். முகம் மஞ்சளாக இருக்கும்போது ஃபவுண்டேஷன் நிறம் மாறித் தெரியும். கஸ்தூரி மஞ்சள் வாங்கிக் கொடுங்கள். கறை பட்டுவிட்டால் சோப்பால் தேய்த்துப் புண்ணாக்காமல், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுங்கள்; மஞ்சளின் நிறம் எண்ணெயில்தான் கரையும்.

இனி ரிசப்ஷன். இதை ஏன் நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்கிறேன்? நேரம் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு மணிக்கு மேடை. நடுவில் ஏதாவது சரியில்லையென்றால் ரூமுக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திருத்திக்கொண்டு வரலாம். யாரும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். உங்களுக்கு மேக்கப் கை பழகியிருக்கிறது. உங்கள் முகம் எங்கே எண்ணெய் வழியும், எந்த லிப்ஸ்டிக் பொருந்தும் என்பது எந்த பார்லர்க்காரரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தலைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஆளைப் பிடியுங்கள். ஹேர்ஸ்டைல், புடவை கட்டு இரண்டுக்கு மட்டும் வருகிறவர்கள் நம் ஊர்களில் தாராளமாகக் கிடைப்பார்கள், முழு மேக்கப்பின் விலையும் ஆகாது.

ஆனால் ஆபீஸுக்குப் போடுவதையே ரிசப்ஷனுக்குப் போட்டால் போதாது. மூன்று மணி நேரம் வீடியோ லைட்டுக்கு எதிரில் நிற்கப் போகிறீர்கள், அதுவும் கத்திரி வெயில் நாட்களில். ஏசி மண்டபமாகவே இருந்தாலும் மேடையில் லைட் சூடு தெரியும். அதனால் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ப்ரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது), ஃபவுண்டேஷன், கன்சீலர் (கறையை மறைப்பது), பவுடர், செட்டிங் ஸ்ப்ரே எல்லாம் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்று சாதம் வடித்து, குழம்பு தாளித்து, மூன்று மணிவரை முகத்தைத் தொடாமல் இருங்கள். மூக்கின் இரு ஓரம், மேல் உதடு, புருவ நடு, இந்த மூன்று இடத்தைப் பாருங்கள். அங்கே திட்டுத்திட்டாகப் பிரிந்திருந்தால் உங்கள் ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலிக்கோன் ப்ரைமர் மேல் வாட்டர் பேஸ்டு ஃபவுண்டேஷன், அதாவது தண்ணீரை அடிப்படையாக வைத்துச் செய்தது, பூசினால் இப்படித்தான் நழுவும். இரண்டையும் ஒரே வகையில் வாங்க வேண்டும். பிரியாமல் வெறும் பளபளப்பு மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், எண்ணெயை ஒற்றி எடுக்கும் பிளாட்டிங் பேப்பர் போதும். வேர்வை மேல் பவுடரை மட்டும் பூசிவிடாதீர்கள், அது கட்டி தட்டும்.

நிறம் பார்ப்பதைக் கடையின் ட்யூப் லைட்டில் செய்யக் கூடாது. புறங்கையில் தடவியும் பார்க்கக் கூடாது. தாடையோரத்தில் கழுத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டு, கடைக்கு வெளியே வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்கள். இருபது நிமிஷம் ஒரு காபி குடியுங்கள். பல ஃபவுண்டேஷன்கள் எண்ணெய்ச் சருமத்தில் கொஞ்ச நேரத்தில் ஒரு படி கறுக்கும். கறுத்த பிறகு எது தெரியாமல் கலந்துபோகிறதோ அதுதான் உங்கள் நிறம். அப்புறம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி. கண்ணுக்குக் கீழேயும் மூக்கிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் பவுடரை மாற்றுங்கள். சிலிக்கா அதிகமுள்ள பவுடரும், டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு கலந்த சன்ஸ்க்ரீனும் ஃபிளாஷில் இப்படித் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் தெரியாது, ஆல்பத்தில்தான் தெரியும்.

ஆள் வைத்தாலும் இந்த நிறப் பரீட்சை உண்டு. நம் பக்கத்து பார்லர்களில் ஒரு கெட்ட பழக்கம், கேட்காமலே பெண்ணை இரண்டு படி வெளுப்பாக்கிவிடுவது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரியும், தாலி கட்டக் குனியும்போது பிடரி வேறு நிறமாகவும் இருக்கும். "என் கலருக்கே போடுங்க, கழுத்தோட சேரணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். மாநிறத்துக்குப் பட்டும் தங்கமும் எடுப்பாக இருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இதைச் சொல்கிறேன்.

ஹெச்டி, ஏர்பிரஷ் என்று ரேட் கார்டில் இருக்கும். ஹெச்டி என்பது கேமராவில் துகள் தெரியாத மென்மையான பொருட்களைக் கையாலேயே பூசுவது. ஏர்பிரஷ், சின்ன கம்ப்ரஸர் வைத்து மெல்லிசாகத் தெளிப்பது, அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன்மேல் கண்ணீர் கோடு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது கடினம். புகையும் கண்ணீரும் உள்ள முகூர்த்தத்துக்குக் கையால் போடுவதே எனக்குப் பிடிக்கும். அதிகக் காசும் மிச்சம்.

ட்ரையல் இல்லாமல் யாருக்கும் முழு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ட்ரையலில் முகத்தை மட்டும் பார்க்காமல் அவர்கள் பெட்டியையும் பாருங்கள். லிப்ஸ்டிக்கை ஒரு தட்டில் சுரண்டி எடுத்து பிரஷ்ஷால் போடுகிறார்களா, இல்லை குழாயோடு உதட்டில் தேய்க்கிறார்களா? முந்தைய பெண்ணின் ஃபவுண்டேஷன் காய்ந்த ஸ்பாஞ்ச் உங்கள் முகத்துக்கு வருகிறதா? மஸ்காரா திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கண் விஷயம். புதுப் பொருள் எதுவானாலும் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பொய் இமை ஒட்டுகிற பசைக்குக்கூட அரிப்பு வருகிறவர்கள் உண்டு.

"வீட்டிலேயே போட்டால் செலவே இல்லை" என்பதும் சரியில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். ஆபீஸ் மேக்கப் பையில் இல்லாத ப்ரைமர், நல்ல செட்டிங் பவுடர், ஸ்ப்ரே, ஐ ஷேடோ, பிரஷ் என்று சேர்த்தால் மேபிலின், லாக்மே மாதிரி சாதாரண பிராண்டிலேயே சில ஆயிரம் போய்விடும். பாதி விலைக்கு வெளிநாட்டு பிராண்ட் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். பேட்ச் நம்பரும் இறக்குமதி செய்தவர் விவரமும் இல்லாத டப்பா போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை, இது மேக்கப்பைவிட முக்கியம். கல்யாணம் நிச்சயமானதும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வெளுப்பு க்ரீம் வாங்கிப் பூசுவது ஊரெல்லாம் நடக்கிறது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரு மாதம் பளிச்சென்று இருக்கும், பிறகு முகம் சிவந்து, தோல் மெலிந்து, பரு கொட்டும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். புது ஃபேஷியல், பிளீச் எதையும் கடைசி இரண்டு வாரத்தில் தொடாதீர்கள். த்ரெட்டிங் மூன்று நாள் முன்பே. மருதாணி இரண்டு நாள் முன்பு வைத்தால் முகூர்த்தத்தன்று நன்றாகச் சிவந்திருக்கும். அரை மணியில் கருகருவென்று பிடிக்கும் கோன் என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், கொப்புளம் வரும்.

மண்டபத்துப் பெண் ரூமை முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ட்யூப் லைட், பழைய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய ஒரு கண்ணாடி, கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரே ப்ளக் பாயிண்ட். இரண்டு வெள்ளை எல்இடி பல்பு, நீள ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நிற்க வைக்கும் கண்ணாடி ஒன்று, இவை வீட்டிலிருந்தே போகட்டும். உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு தோழி அல்லது தங்கை இருக்கட்டும். சேஃப்டி பின், டிஷ்யூ, லிப்ஸ்டிக், தண்ணீர் பாட்டிலோடு ஸ்ட்ரா, எல்லாம் அவள் பையில். மற்றவர்களை வெளியே அனுப்புவது அவள் வேலை.

இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. வாழ்க்கையில் பவுடருக்கு மேல் எதுவும் பூசாத பெண் கல்யாணத்துக்காக மூன்று வாரத்தில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். அவளுக்கு இரண்டு வேளையும் ஆள்தான் சரி, அல்லது இரண்டு வேளையும் மையும் பொட்டும்தான் சரி. முகத்தில் பரு, மங்கு நிறைய இருந்து அதை மறைக்க நினைப்பவர்களும் ரிசப்ஷனுக்குக் கைதேர்ந்தவரை வைப்பதே நல்லது, ஏனென்றால் மங்கின் மேல் நேராக ஃபவுண்டேஷன் பூசினால் சாம்பல் தட்டும். அடியில் ஆரஞ்சு சாயல் கரெக்டர் போடும் கைப்பழக்கம் வேண்டும். கடன் வாங்கித்தான் 22,000 கொடுக்க வேண்டும் என்ற நிலையென்றால் இரண்டுக்குமே தலையும் புடவையும் மட்டும் பேசுங்கள்.

உங்கள் விஷயத்தில், அதே பார்லரில் "முகூர்த்தத்துக்கு மட்டும் எவ்வளவு, கூறை மாற்றி முடியும்வரை இருந்து" என்று தனியாகக் கேளுங்கள். சொன்னதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு வருவார்கள், அவரே வருவாரா அசிஸ்டெண்டா, சவுரி, பூ, வாடகை நகை சேர்த்தா தனியா, அம்மாவுக்குப் புடவை கட்டிவிடுவார்களா, வண்டிச் செலவு யாருடையது. பூவை மட்டும் அவர்களிடம் விடாமல் நீங்களே சொல்லிவைப்பது நல்லது. வைகாசி முகூர்த்த நாளில் மல்லி விலை காலைக்கும் மாலைக்கும் மாறும், முதல் நாளே கட்டிக்கொடுக்கச் சொன்னால் ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். ரிசப்ஷன் ஒத்திகையை இந்த ஞாயிறே தொடங்கிவிடுங்கள். ஒத்துவராத ஃபவுண்டேஷனை மாற்றவும் இன்னொரு ஞாயிறு வேண்டும்.